காயலான் கடைக்காரரே கும்பிடு போட்டார்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 22 கிலோ எடையுள்ள ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் புதுப்பேட்டைக்குப் போனேன். பெட்டிக்குள் இருந்தது என் ஸ்கூட்டரின் உயிர். சரியாகச் சொன்னால், உயிர் போன பிறகு மிஞ்சியது.

2020-ல் வாங்கிய மின்சார ஸ்கூட்டர் அது. பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்கும் ஆபீஸ் சகாக்களை ஒரு புன்னகையோடு கடந்து போன காலமெல்லாம் உண்டு. முதல் வருஷம் ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர் ஓடியது. மூன்றாம் வருஷம் 40. போன தீபாவளி சமயத்தில் 20-க்கு வந்து, ஒரு சாயங்காலம் கத்திப்பாராவில் மூச்சை நிறுத்திக்கொண்டது. நான் தள்ளிக்கொண்டு போனேன். அதே சகாக்கள் அதே புன்னகையோடு என்னைக் கடந்து போனார்கள்.

வண்டி விற்ற கம்பெனியைத் தேடிப் போனால், ஷோரூம் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. கம்பெனியின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. கடைசியில் ஏரியா மெக்கானிக் வேறு ஒரு பேட்டரியை மாட்டிக் கொடுத்தார். அதற்கு ஒரு மாதச் சம்பளம் போயிற்று. பழையதை என் கையிலேயே திணித்தார்.

"இதை நீங்களே எடுத்துக்கக் கூடாதா?"

"ஆசிட் பேட்டரின்னா எடுத்துப்பேன் ஸார், பில்லுல கழிச்சும் தருவேன். இது லித்தியம். வேணாம்."

வீட்டுக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே மறியல். "என்னங்க, வேலூர்ல நடந்தது ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி. ஞாபகம் இருந்தது. 2022 மார்ச்சில், ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அதற்கு மேல் விவாதம் இல்லை. பெட்டி அன்று ராத்திரி பால்கனியில் தூங்கியது. நான் தூங்கவில்லை.

புதுப்பேட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழுக் காரை மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிரித்து, கதவு ஒரு கடையிலும் கண்ணாடி எதிர்க்கடையிலும் தொங்குகிற பேட்டை. அங்கே விலை போகாத பொருளே கிடையாது என்ற நம்பிக்கையோடு ஒரு பாய் கடையில் பெட்டியை இறக்கினேன்.

"பாய், இதுக்கு என்ன தருவீங்க?"

தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடு போட்டார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க ஸார்."

"சும்மாவே தரேன் பாய்."

"சும்மா குடுத்தாலும் வேணாம்."

துருப்பிடித்த ஆணிக்கும் எடைக்கல்லைத் தேடுகிற ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வசனமா? நான் திகைத்து நிற்கும்போது கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான். வயது 18, 19 இருக்கும். லேப்டாப் பேட்டரிகளை உளியால் பிளந்து, உயிரோடு இருக்கிற செல்களைப் பொறுக்கி, பவர் பேங்க் பண்ணுகிறவர்களுக்குக் கொடுப்பது அவன் தொழில்.

"நான் பிரிக்கிறேன் ஸார். உள்ள நல்ல செல் இருந்தா எனக்கு. முந்நூறு ரூபா குடுங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பர்ஸை எடுத்துவிட்டேன். 300 ரூபாயில் தொல்லை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பிரிக்கும்போது அவனுக்கு என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை.

பாய்தான் கத்தினார். "டேய், ஸாருக்குக் கையைக் காட்டுடா."

இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு இருந்தது. ஒரு லேப்டாப் பேட்டரி பண்ணிய வேலை.

"அதுல ஆறே செல்லு ஸார். உங்க பொட்டியில நூறுக்குக் குறையாது" என்றார் பாய்.

பர்ஸ் உள்ளே போயிற்று. வந்த ஆட்டோவையே பிடித்துக்கொண்டு, மடியில் பெட்டியோடு வீடு திரும்பினேன். ஸ்பீட் பிரேக்கர் வந்தபோதெல்லாம் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன்.

* * *

இன்வெர்ட்டர் பேட்டரி செத்தால் நமக்கு இந்தப் பாடு உண்டா? கடைக்காரன் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு, புதியதன் விலையிலும் கழித்துக்கொள்கிறான். ஏனென்றால் அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஒரே உலோகம். 327 டிகிரி சூட்டில் உருகிவிடும். உருக்கி வார்த்தால் மறுபடியும் பேட்டரி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செத்த ஈய பேட்டரிகளில் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்துவிடுகின்றன.

அந்தக் கதை அப்படியொன்றும் யோக்கியமானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொல்லைப்புறத்தில் சட்டி வைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளின் புகையும் மண்ணும் குழந்தைகளின் ரத்தத்தில்தான் போய்ச் சேர்கின்றன. உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று 2020-ல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அது காட்டியது பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளைத்தான். ஆனாலும் ஈய பேட்டரி தெருவில் கிடப்பதில்லை. காசு அதைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது.

லித்தியத்துக்கு என்ன கேடு? கேட்பதற்கு எனக்கு ஒரு ஆள் இருந்தான். காலேஜில் என்னோடு படித்தவன். கெமிக்கல் இன்ஜினீயர். பழைய பேட்டரிகளைப் பிரித்து உலோகம் எடுக்கும் ஒரு ஆலையில் வேலை. பெயரைப் போட்டால் உத்தியோகத்துக்கு ஆபத்து என்பதால் 'நண்பன்' என்றே வைத்துக்கொள்வோம்.

போனில் முதல் கேள்வியே, "உள்ள என்ன கெமிஸ்ட்ரி?"

"தெரியாது."

"லேபிள்ல என்ன போட்டிருக்கு?"

"'ஜாக்கிரதை'னு போட்டிருக்கு."

சிரித்தான். "எங்களுக்கு வர்றதுல முக்கால்வாசி இப்படித்தாண்டா வருது" என்றான்.

லித்தியம் பேட்டரி என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பம். ஒரு கிளையில் நிக்கலும் மாங்கனீஸும் கோபால்ட்டும் இருக்கும். கோபால்ட் காஸ்ட்லி. உலக கோபால்ட்டில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்து தோண்டி வருகிறது. இன்னொரு கிளையில் இரும்பும் பாஸ்பேட்டும். அதை எல்.எஃப்.பி. என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தகரப் பெட்டி.

நண்பன் வீடியோ காலில் என்னை ஒரு மல்ட்டிமீட்டர் வாங்க வைத்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது, வெளியே இருக்கும் முனையில் மட்டும் வோல்ட்டேஜ் பார்க்கச் சொன்னான். மாடல் நம்பரைக் கேட்டான். ஏதோ கணக்குப் போட்டான். பிறகு டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற குரலில், "உன்னுது எல்.எஃப்.பி. உள்ள 112 செல் இருக்கணும்" என்றான்.

"நல்லதா, கெட்டதா?"

"ஓட்டறவனுக்கு நல்லது. எங்களுக்குக் கெட்டது."

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. எல்.எஃப்.பி. அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது, நீண்ட நாள் உழைக்கும், விலையும் குறைவு. 2024-ல் உலகத்தில் மின் கார்களுக்குப் போன பேட்டரிகளில் கிட்டத்தட்ட பாதி இந்த ஜாதிதான். சீனாவில் இன்னும் அதிகம். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் உள்ளே நிக்கலும் கோபால்ட்டும் இல்லாதது. அதே காரணத்தால் செத்த பிறகு அதைச் சீண்டுவார் இல்லை. என் 22 கிலோவில் லித்தியம் ஏறக்குறைய 200 கிராம். கொஞ்சம் செம்பு, கொஞ்சம் அலுமினியம். மிச்சம் இரும்பு, கரி, பிளாஸ்டிக்.

"அந்த 200 கிராமுக்கு விலை உண்டே?"

"உண்டு. எந்த வருஷ விலையைச் சொல்ல?"

200 கிராம் லித்தியத்தை லித்தியம் கார்பனேட்டாக மாற்றினால் ஒரு கிலோ சொச்சம் கிடைக்கும். 2022 கடைசியில் சீனச் சந்தையில் அதன் விலை கிலோ கிட்டத்தட்ட 600 யுவான். நம் பணத்தில் 6,500 ரூபாய்க்கு மேல். அப்போது ஊர் ஊராக மறுசுழற்சி ஆலை போட்டார்கள். 2024 மத்தியில் அதே கிலோ 100 யுவானுக்கும் கீழே விழுந்தது. சுரங்கத்திலிருந்து புதிதாக வருவதே சல்லிசு என்றால் பழைய பேட்டரியை யார் மெனக்கெட்டுப் பிரிப்பார்கள்? லை-சைக்கிள் என்று ஒரு கனடா கம்பெனி. 2016-ல் ஆரம்பித்து, இந்தத் தொழிலின் நட்சத்திரமாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் பிரம்மாண்ட ஆலை கட்ட ஆரம்பித்து, செலவு எகிறியதால் 2023-ல் வேலையை நிறுத்தியது. அமெரிக்க அரசாங்கம் 2024-ல் 47.5 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டும் பிழைக்கவில்லை. 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போய்விட்டது.

* * *

பிரிக்கிற வேலைதான் என்ன லேசா? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு அலுமினியத் தாள், ஒரு செம்புத் தாள், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் - மூன்றையும் கோரைப்பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, தீப்பிடிக்கும் திரவத்தில் ஊறவைத்து அடைத்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்தத் திரவத்தில் இருக்கும் உப்பு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு ஆகிறது. கண்ணாடியையே அரிக்கிற சமாசாரம். உளி இறங்கி இரண்டு தாளும் தொட்டுக்கொண்டால், மிச்சமிருக்கும் மின்சாரம் அந்த ஒரு புள்ளியில் பாய்ந்து கொதிக்கும். ஒரு செல் கொதித்தால் பக்கத்துச் செல்லும் கொதிக்கும். பாய் கடைப் பையனுக்கு நடந்தது இதுதான்.

ஸ்கூட்டர் பேட்டரி பரவாயில்லை. கார் பேட்டரி சில நூறு கிலோ, 400 வோல்ட். அதைத் திறக்கிறவன் ரப்பர் உறையும், அவனை இழுத்துப் போட இன்னொரு ஆளும் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். முன்பு செல்களைக் கட்டுக்கட்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள், கழற்ற முடிந்தது. இப்போது எடையைக் குறைக்கிறோம், உறுதியைக் கூட்டுகிறோம் என்று பசையும் நுரையும் ஊற்றி ஒரே பாளமாக்கிவிடுகிறார்கள். டெஸ்லாவின் சில கார்களில் பேட்டரியே காரின் தரை! செய்கிறவனுக்கு லாபம். பிரிக்கிறவன் தலையில் கை வைத்துக்கொள்கிறான்.

நண்பனின் ஆலையில் முதலில் மிச்ச மின்சாரத்தை வடிக்கிறார்கள். பிறகு காற்றுப் படாமல் நைட்ரஜனில் வைத்து இயந்திரத்தில் அரைக்கிறார்கள். சலித்தால் செம்பும் அலுமினியமும் ஒரு பக்கம், கரித்தூள் மாதிரி ஒரு பொடி இன்னொரு பக்கம். அந்தக் கருப்புப் பொடியில்தான் சரக்கு. அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, ஒவ்வொரு உலோகமாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே அண்டாவில் கரைந்துபோன சாம்பாரிலிருந்து புளியையும் பெருங்காயத்தையும் தனித்தனியாக எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு லோடில் நிக்கல் ஜாதி, அடுத்த லோடில் என்னுடையது மாதிரி இரும்பு ஜாதி, இரண்டும் கலந்து வந்தால் கணக்கெல்லாம் தப்பும். அதனால்தான் போனில் எடுத்தவுடன் 'உள்ள என்ன?' என்ற கேள்வி. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து மின் வாகன பேட்டரிகளுக்கு பாஸ்போர்ட் வருகிறது. ஸ்கேன் பண்ணினால் ஜாதகமே வந்துவிடும்.

"பால்கனியில வச்சிருக்கியே, அதுதாண்டா எங்களுக்கே பெரிய தலைவலி" என்றான் நண்பன். பிரிப்பதைவிட, பிரிக்கும் வரை வைத்திருப்பதுதான் ஆபத்தாம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் மாரிஸ் என்று ஒரு சிறு ஊர். 2021 ஜூனில் அங்கே மூடிக்கிடந்த ஒரு காகித ஆலை தீப்பிடித்தது. அணைக்கப் போனவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது, உள்ளே டன் கணக்கில் லித்தியம் பேட்டரிகள் குவிந்து கிடப்பது. ஊர் நிர்வாகத்துக்கே தெரியாது. தண்ணீர் அடிக்கப் பயந்து, ஆயிரக்கணக்கான ஜனங்களை வீட்டைவிட்டுக் கிளப்பி, எரியவிட்டு, கடைசியில் சிமென்ட்டைக் கொட்டி மூடினார்கள்.

நான் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மணல் கொட்டி அதற்குள் வைத்தேன். மறுநாள் மனைவி அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டாள். விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தது.

* * *

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2001-ல் வந்த பழைய விதி ஈய பேட்டரிக்கு மட்டும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்தையும் சேர்த்துக்கொண்டன. விற்ற கம்பெனியே திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். மறுசுழற்சி ஆலைக்காரர் பண்ணின வேலைக்குச் சான்றிதழ் கிடைக்கும், அதைக் கம்பெனிக்காரர் காசு கொடுத்து வாங்க வேண்டும். மின் வாகன பேட்டரியின் எடையில் 2026-27 முதல் 90 சதவீதப் பொருளை மீட்க வேண்டும் என்றுகூட இலக்கு வைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் இந்த மாதிரி முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்ய மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கும் அனுமதி கொடுத்தது.

எல்லாம் நியாயம்தான். விற்ற கம்பெனி பிரியாணிக் கடையாகிவிட்டால்? யாரிடம் போய் உங்கள் பொறுப்பு என்று காட்டுவது? லெக் பீஸ் பரிமாறுகிறவரிடமா?

ஆலைக்கு நேரே அனுப்பிவிடலாம் என்று கூரியர் ஆபீஸுக்குப் போனேன். "என்ன ஸார் பார்சல்?" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். சர்வதேசக் கணக்கில் இது அபாயகரமான சரக்கு, ஒன்பதாம் வகுப்பு. பழுதானது என்றால் விமானத்தில் ஏற்றவே கூடாது. ஆலைக்காரர்களும் ஒற்றைப் பெட்டிக்கு வண்டி அனுப்பமாட்டார்கள், லோடு சேர வேண்டும். எங்கே சேர்ப்பது என்றால் பழையபடி மாரிஸ் கதை.

இதில் சீனாக்காரனைப் பார்த்தாவது ஆறுதல் அடையலாம். தகுதியான ஆலைகள் இவைதான் என்று அவர்கள் அரசாங்கம் 2018-லிருந்தே வெள்ளைப் பட்டியல் போடுகிறது. ஆனாலும் பாதுகாப்புச் செலவு எதுவும் இல்லாத குட்டிப் பட்டறைகள் கூடுதல் விலை கொடுத்து பேட்டரிகளை அள்ளிக்கொண்டு போகின்றன. நம் ஊரில் உளி வைத்திருக்கும் பையன்கள் மாதிரி அங்கேயும் பையன்கள் இருக்கிறார்கள்.

செத்த பேட்டரி முழுசாகச் செத்ததில்லை என்று ஒரு கட்சியும் உண்டு. வண்டிக்கு உதவாவிட்டாலும் கரெண்ட் சேமிக்க உதவும். ஆம்ஸ்டர்டாமில் ஜோஹன் கிராய்ஃப் ஃபுட்பால் மைதானத்தில் 2018-லிருந்து நிசான் லீஃப் காரின் 148 பேட்டரிகள், பழையதும் புதியதுமாக, விளக்கெரிக்க உதவுகின்றன. அங்கே எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இங்கே என் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மட்டும் ஐந்து மின் ஸ்கூட்டர், ஐந்து பிராண்ட். எது எவ்வளவு ஓடியது என்ற கணக்கு பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் பூட்டிக் கிடக்கிறது, சாவி கம்பெனியிடம்.

* * *

மூன்றாவது வாரம் நண்பனே ஒரு வழி பண்ணினான். அவன் ஆலை வேன் வேறு ஒரு இடத்தில் சரக்கு எடுக்கச் சென்னை வந்தபோது எங்கள் தெருவுக்குத் திருப்பிவிட்டான். இரண்டு பேர் கையுறையோடு வந்தார்கள். முனைகளில் டேப் ஒட்டி, பெட்டியை மணல் போட்ட இரும்பு டிரம்முக்குள் இறக்கினார்கள். ஒரு ஃபாரத்தில் கையெழுத்து. எடை 22 கிலோ. 'தொகை' என்ற கட்டத்தில் ஒரு கோடு. மனைவி அன்று சாயங்காலம் கயிற்றை அவிழ்த்து, அந்த இடத்தில் ரோஜாத் தொட்டியை வைத்தாள்.

நாலு நாள் கழித்து ஆபீஸில் இருக்கும்போது பாயிடமிருந்து போன். அன்றைக்கு நம்பர் கொடுத்துவிட்டு வந்தது மறந்தே போயிருந்தது.

"ஸார், உங்களுது மாதிரி நாலு பொட்டி வந்திருக்கு. வேணாம்னு சொல்றதுக்குள்ள வாசல்ல வச்சுட்டுப் போயிட்டானுங்க. நீங்க என்ன பண்ணீங்க?"

வேன் விவரத்தைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

"நாலு எடுக்க வருவாங்களா?"

"கேட்டுச் சொல்றேன் பாய். பையன் எப்படி இருக்கான்?"

"அவனை இதுகிட்ட விடலை ஸார். அவனுக்குக் கோவம். ஒரு பொட்டிக்கு முந்நூறு வருமே, ஏன் தடுக்கறீங்கங்கறான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "வேன்காரங்க கிலோவுக்கு என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தரமாட்டாங்க பாய். என்னுதுக்குத் தரலை."

போனில் புதுப்பேட்டையின் சுத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ கொண்டாந்து போடறவனுக்கு நான் எங்கிருந்து ஸார் தர்றது?" என்றார் பாய்.